ஒரு போனுக்கு ஒரு நோயாளி

பல் டாக்டருக்குப் படித்துவிட்டுப் பிடுங்கப் பல் கிடைக்காதவர்களுக்கென்றே ஆண்டவன் மருத்துவமனை நிர்வாகம் என்றொரு மேற்படிப்பைப் படைத்திருக்கிறான். அதையும் முடித்துவிட்டு நான் ஒரு வருடத் தலைமைப் பண்பு ஃபெலோஷிப்பில் சேர்ந்தேன். நாளைய மருத்துவமனைகளை நடத்தப் போகிறவர்களை வார்த்தெடுக்கும் பயிற்சி என்றார்கள். சொந்த ஊர் சிலமலையில் அம்மாவிடம் அரை மணி நேரம் விளக்கினேன். “அப்ப இன்னும் சோலிக்குப் போகலைங்கிறே” என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

மாதத்தில் ஒரு வாரம் மதுரையில் ஒரு ஓட்டல் ஹாலில் வகுப்பு. பயிற்சியாளர் ஏசியிலும் வியர்க்கிற அளவுக்குக் கோட்டு மாட்டியிருப்பார். கண்ணைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாகச் சாயச் சொல்லுவார். கூடப் படிப்பவர் தாங்கிப் பிடிக்க வேண்டும், அதில் நம்பிக்கை வளருமாம். என்னைப் பிடிக்க வேண்டியவர் போனில் பேசிக்கொண்டிருந்ததால் எனக்கு இடுப்பு வலிதான் வளர்ந்தது.

மற்ற வாரங்களில் போடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் களப்பயிற்சி. எங்கள் திட்டத்தின் பெயர் ‘கூட்டமில்லா வரவேற்பறை’. அதற்காகப் பயிற்சியாளர் எங்கோ ஒரு பெருநகர மருத்துவமனையிலிருந்து ஓர் ஆப் கொண்டுவந்தார். ஒரு போன் நம்பருக்கு ஒரு நோயாளி, ஒரு நோயாளிக்கு ஒரு நேரம். நேரம் வாங்காதவர் எந்த டாக்டரையும் பார்க்க முடியாது. “சார், ஏலத்தோட்டத்து ஆளுங்க ஜீப்புலதான் வருவாங்க. ஒரு ஜீப்புக்கே ஒரு போன்தான்” என்றேன். “நெகட்டிவா யோசிக்காதம்மா” என்றார். நானும் பாசிட்டிவாக வாயை மூடிக்கொண்டேன்.

மலையில் பாதி இடத்தில் சிக்னல் கிடையாது. லீவு நாளில் வைத்தியம் பார்க்க இறங்குகிறவர்கள் சேர்ந்து ஒரு ஜீப் பேசுவார்கள். டிரைவர் போடிமெட்டில் சிக்னல் கிடைக்கும் இடமாகப் பார்த்து நின்று, எல்லாருக்கும் சேர்த்து மருத்துவமனைக்குச் சொல்லிவிடுவார். வருடக்கணக்கில் அப்படித்தான் நடந்தது.

எங்கள் திட்டத்துக்கு மார்க் போட மதிப்பீட்டுக் குழு வரவிருந்த அன்றைக்கும் ஒரு டிரைவர் அப்படியே செய்தார். ஒன்பது பேருக்கும் தன் நம்பரிலிருந்தே ஆப்பில் பதிந்தார். ஒரே மனிதனுக்கு ஒன்பது வியாதி என்று ஆப் முடிவு கட்டியது. எட்டை அழித்துவிட்டு, மகப்பேறு மருத்துவருக்குப் போட்ட முதல் பதிவை மட்டும் அவர் பெயரிலேயே வைத்துக்கொண்டது. ஆக, முறுக்கு மீசை வைத்த ஜீப் டிரைவருக்கு மகப்பேறு மருத்துவரிடம் பத்து நிமிடம் கிடைத்தது.

“ஆத்தா, ஒம்பது பேருக்கும் நாந்தான் போட்டேன். மூடுபனி எறங்குறதுக்குள்ள மெட்டு ஏறணும், வெரசா அனுப்பி விடு” என்றார். அவருக்குப் பின்னால் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் வீங்கியிருந்தது. “தல ரொம்ப வலிக்குதுக்கா. கண்ணு மங்கலாத் தெரியுது” என்றாள். ரத்த அழுத்தம் எகிறியிருக்கிறது, தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்பது பல் டாக்டரான எனக்கே தெரிந்தது. பயந்துவிட்டேன்.

குழுவுக்குக் காட்டத் திரையைத் தயார் செய்துகொண்டிருந்த பயிற்சியாளரிடம் ஓடினேன். “இன்னிக்கு ஒரு நாள் நேரம் வாங்காத யாரையும் விடாதம்மா, கிராஃப் கெட்டுடும்” என்றார். அவசரப் பிரிவுக்காவது அனுப்பலாம் என்றேன். நடந்து வந்தவர் அவசர நோயாளி இல்லை என்பது அவர் கொண்டுவந்த இன்னொரு விதி.

திரும்பி வந்து டிரைவரின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டேன். அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். ரத்த அழுத்தத்தைப் பார்த்த டாக்டரம்மா பெயரைப் பார்க்கவில்லை, நேரே ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பிவிட்டார். பெண் குழந்தை. சின்னது, ஆனால் ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதது. கம்ப்யூட்டர் கணக்கில் அன்றைக்கு டிரைவர் தாயானார்.

மீதி எட்டுப் பேருக்காக மறுபடி கெஞ்சினேன். அடுத்த நேரத்துக்கு உரியவர் வராததால் பொது மருத்துவர் போனைத் தேய்த்துக்கொண்டு சும்மா இருந்தார். அவர் அறைக்கு வெளியே ஒரு பெரியவர் விடாமல் இருமிக்கொண்டிருந்தார். இடையில் ஒரு கதவு, அவ்வளவுதான். “தலைவர்னா உணர்ச்சிவசப்படக் கூடாது” என்றார் பயிற்சியாளர். வெளியே ஹாரன் அடித்தது. எட்டுப் பேரும் எழுந்தார்கள். “இருக்கட்டும் ஆத்தா, அடுத்த லீவுக்கு வர்றோம்” என்றார் இருமியவர். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டாமல் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மதியம் மதிப்பீட்டுக் குழு வந்தது. திரையில் பெரிய எழுத்தில், ‘காத்திருப்போர்: யாருமில்லை’. எல்லாரும் கைதட்டினார்கள். நான் எழுந்து, காலையில் வந்தவர்களில் எட்டுப் பேர் டாக்டரைப் பார்க்காமலே மலையேறிவிட்டார்கள் என்றேன். குழுத் தலைவர் பொறுமையான மனிதர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் மேலும் கீழும் தேடிப் பார்த்தார். பிறகு என்னை மிகுந்த பரிவோடு பார்த்துச் சொன்னார்:

“அப்படி யாரும் இங்க வரவே இல்லையேம்மா.”