மூன்று திருகு ஆம்ப்ளிஃபையரும் அம்மாவின் பகல் தூக்கமும்

நான் பத்தாவது வரை படித்தவள். மளிகைச் சீட்டைத் தவிர வேறு எதையும் நீளமாக எழுதிப் பழக்கமில்லை. எழுத உட்கார்ந்ததே அதிகப்படிதான், பொறுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் மற்றவர்களுக்குத் தொந்தரவில்லாமல் கிடார் பழக எந்த ஆம்ப்ளிஃபையர் சுலபமானது என்று போன வாரம் முழுக்க என் மகன் செல்போனில் தேடிக்கொண்டிருந்தான். அதில் எனக்கு முன்அனுபவம் உண்டு என்று அவனிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால்தான் இது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மயிலாப்பூரில் இரண்டாவது மாடியில், ஓர் அறையும் சமையலறையுமாக ஒரு வீடு. அம்மா தேனாம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த வருடம் முழுக்க நைட் டூட்டி. காலையில் வந்து இரண்டு இட்லி சாப்பிட்டு, கண்மேல் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு படுத்தால் மூன்று மணி வரை வீட்டில் டம்ளர் வைக்கிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது. அப்பா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்புவார்.

அந்த வீட்டுக்குத்தான் கோட்டூர்புரம் மாமா, சும்மா கிடக்கிறது என்று தன் எலெக்ட்ரிக் கிடாரைக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தார். அக்கா மாதா கோயில் பாடற்குழுவில் இருந்தாள். மே மாதக் கடைசி ஞாயிறு பூசையில் ஒரு பாட்டை அவள் தனியாக வாசிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. சாயங்காலம் அவளுக்கு டைப்ரைட்டிங் வகுப்பு. ராத்திரி வாசித்தால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். மிச்சம் பகல்தான்.

"ஒரு நாள் என் தூக்கம் கெட்டாலும் கிடார் மாமா வீட்டுக்கே திரும்பிப் போயிடும்" என்றாள் அம்மா.

ஆகவே நானும் அக்காவும் அண்ணா சாலைப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். சத்தம் வெளியே வராத ஆம்ப்ளிஃபையர் வேண்டும் என்று அக்கா கேட்டாள்.

"அதுக்கு இன்னாத்துக்கும்மா ஆம்ப்ளிஃபையர்? கிடாரை மடியில வெச்சுக்கினு சும்மா குந்திக்கினு இருந்தாலே போதுமே" என்றார் கடைக்காரர்.

முதலில் காட்டியதில் பன்னிரண்டு திருகுகள். அக்கா பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அடுத்தது டிபன் கேரியர் உயரத்தில் ஒரு பெட்டி. மூன்றே திருகு. "இது சத்தம், இது கட்டை, இது கீச்சு. குக்கர் வெக்கத் தெரியுமா? அப்போ இதுவும் தெரியும்."

அக்கா என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தாள். "நீதான் அம்மா. கண்ணை மூடிக்கோ. அம்மா எழுந்துடுவாங்கன்னு தோணுறப்போ கண்ணைத் திற."

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கண்ணை மூடியதும் அவர்கள் யாரும் இல்லாமல் போனது எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. திறக்க மனமே வரவில்லை. சத்தம் ஒன்றிலிருந்து மூன்றுக்கு வந்தது, ஆறுக்குப் போனது. ஸ்டூலே அதிர்ந்தது. நான் இறுக்கி மூடிக்கொண்டேன்.

"இன்னா பாப்பா, மெய்யாலுமே தூங்கிட்டியா?" என்றார் கடைக்காரர். பிறகு அக்காவிடம், "எதுக்கும் ஒரு ஹெட்போன் வாங்கிக்கம்மா. சொருகிட்டா உனக்கு மட்டும்தான் கேக்கும்" என்றார்.

"ஆறுல வச்சே இவ அசையலை. நான் மூணுலதான் வாசிக்கப் போறேன். ஹெட்போன் எதுக்குண்ணா?" என்றாள் அக்கா.

இரண்டு வாரம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பெட்டிக்கு முன்னால் ஒரு தலையணையை நிறுத்திவைத்து வாசித்தாள். நான் கதவிடுக்கில் காவல். பாட்டின் மூன்றாவது வரியில் அக்காவுக்கு விரல் மாட்டிக்கொள்ளும். நிற்பாள், பின்னால் போவாள், மறுபடி நிற்பாள், மறுபடி பின்னால் போய் ஒருவழியாகத் தாண்டுவாள். தினமும் அதே இடம். அம்மா ஒரு நாள்கூட எழுந்திருக்கவில்லை. சில சமயம் சுவர்ப் பக்கம் புரண்டு படுப்பாள், அவ்வளவுதான். என் பரிசோதனையின் மேல் எனக்கே மரியாதை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா டூட்டி முடிந்து நேராகக் கோயிலுக்கு வந்து, கடைசி வரிசையில் வெள்ளைப் புடவையோடு உட்கார்ந்துகொண்டாள். அக்கா எங்கேயும் நிற்காமல் வாசித்து முடித்தாள்.

வீட்டுக்கு வந்து கோழி கழுவும்போது அம்மா அந்தப் பாட்டை முணுமுணுத்தாள். மூன்றாவது வரியில் நின்றாள். பின்னால் போனாள். மறுபடி நின்றாள். மறுபடி பின்னால் போய்த் தாண்டினாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "அங்க நிக்கக் கூடாதும்மா. கோயில்ல அக்கா நின்னாளா?"

"நிக்கலையா? எனக்கு அப்படித்தான் மனசுல பதிஞ்சிருக்கு" என்றாள் அம்மா.

தட்டு வைத்துக்கொண்டிருந்த அக்கா அப்படியே நின்றுவிட்டாள். பிறகு வந்து அம்மாவின் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, "நீங்க போய்ப் படுங்கம்மா" என்றாள். இவ்வளவு நன்றாக வாசித்துவிட்டு எதற்கு உம்மென்று இருக்கிறாள் என்று நினைத்தேன். அம்மாவுக்குப் பாட்டுச் சரியாக வராது என்பது மட்டும் எனக்கு அன்று தெரிந்தது.

மறுநாள் அக்கா அதே கடைக்குப் போய் ஒரு ஹெட்போன் வாங்கி வந்தாள்.