பார்லாவுக்கு எங்கே அழுத்தம்?

இத்தாலியன் வினைச்சொல்லை அசை பிரித்து அழுத்தம் போடச் சொல்லிக்கொடுப்பதெல்லாம் ஒரு பிழைப்பா என்று சிரிக்காதீர்கள். பாடம் நடத்தித் தொண்டை வறண்டவர்களுக்கு என் பாடு புரியும். எண்பதுகளில், இத்தாலியக் கப்பல் அடுப்படியில் பொறுக்கிய மொழியை வைத்துக்கொண்டு, கப்பலேறப் போகிறவர்களுக்குக் கோலசிலாங்கூரில் வகுப்பு எடுத்தேன்.

லா செய்த வினை

'பார்லா' என்றால் 'பேசு'. 'அவன் பேசுகிறான்' என்பதற்கும் அதேதான். பார், லா என்று இரண்டு அசை, அழுத்தம் முதல் அசையில். ஆனால் வா லா, போ லா என்று எதற்கும் ஒரு லா ஒட்டிப் பேசிப் பழகிய எங்கள் ஊர் நாக்கு கடைசி லாவில்தான் போய் உட்காரும். பாசிர் பெனம்பாங்கில் மீன் லோரி ஓட்டிவிட்டு வகுப்புக்கு வந்த ராஜுவிடம் 'பார்லா' என்றேன். என் முகத்தையே பார்த்தான். "எதப் பாக்கணும்னு சொல்லுங்க லா சார்."

நேற்று எங்கே இருக்கிறது

'பார்லோ'வை முன்னால் அழுத்தினால் 'நான் பேசுகிறேன்'. பின்னால் அழுத்தினால் 'அவன் பேசினான்'. ஓர் எழுத்துகூடச் சேர்க்காமல் ஆளும் மாறி, காலமும் மாறிவிடுகிறது. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் எனக்கே உடம்பு சிலிர்க்கும். ராஜு மட்டும் அசரவில்லை. "நம்ம ஊர்ல அழுத்திச் சொன்னா கோவம். அங்க நேத்தா சார்?"

மல்லிகாவின் டெலிபோன்

மல்லிகா எஸ்டேட் லயத்திலிருந்து வந்தாள். அவள் புருஷன் சிவம் கப்பலுக்குப் புதுசு, இத்தாலியன் ஒரு வார்த்தை தெரியாது. தலையில் அடிபட்டு ஜெனோவா ஆஸ்பத்திரியில் கிடந்தான். கண் திறந்தும் வாய் திறக்கவில்லை. எஸ்டேட் ஆபீஸ் டெலிபோனில் நர்ஸ் கூப்பிடுவாள்: 'நோன் பார்லா.' பேசவில்லை என்று அர்த்தம். நர்ஸ் சொல்வதைப் புரிந்துகொள்ளத்தான் அவள் படிக்க வந்தாள். பாடம் முடிந்ததும் கேட்பாள்: "இனிமே பேசவே மாட்டாராண்ணே?"

அழுத்தம் விழுந்த இடம்

ஒரு சாயங்காலம் எஸ்டேட் ஆபீசுக்கு நானும் கூடப் போயிருந்தேன். ரிசீவரை இருவருக்கும் நடுவில் பிடித்தாள். நர்ஸ் எங்களிடம் பேசவில்லை, அவனிடம்தான் பேசினாள். "பார்லா, சிவம், பார்லா." பிறகு வெறும் இரைச்சல். அப்புறம் இழுத்து இழுத்து ஓர் ஆண் குரல்: "பாத்துக்கிட்டுத்தானே... இருக்கேன் லா."

அத்தனை கடல் தாண்டி அந்த லா வந்து விழுந்திருக்கிறது. மல்லிகா ரிசீவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். "அழுத்தம் லாவுலதாண்ணே விழுது. அவரேதான்."

அன்றிலிருந்து லாவில் அழுத்தும் அந்த ஒரு தப்பை மட்டும் நான் யாருக்கும் திருத்தியதில்லை, என் வாத்தியார் பிழைப்பும் அதோடு உருப்படாமல் போயிற்று.