வேண்டியவர்கள் படித்த கடிதம்

போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு, கடையில் உட்கார்ந்தபடியே ஒரு பொய் சொன்னேன். வியாபாரிதானே, பொய் சொல்லாமல் இருப்பானா என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் இது விலையில் சொன்ன பொய் அல்ல — ஒரு கடிதத்தைப் படிக்கும்போது சொன்னது.

உங்களுக்குத் தெரியும், இலங்கை மலைநாட்டில், ராகலை பஜாரில் எனக்கு ஒரு மளிகைக்கடை. ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டங்களிலிருந்து சாமான் வாங்க இறங்கி வருகிறவர்கள், கையில் கடிதமும் கொண்டுவருவார்கள். கடலுக்கு அந்தப்பக்கம் முசிறி, துறையூரிலிருந்து வரும் கடிதங்கள். படித்துச் சொல்வேன். அதற்குக் காசு கிடையாது... கொஞ்சம் பெருமை உண்டு, அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இந்த ஜனங்களுக்கு ஒரு வழக்கம். என்னிடம் கேட்டுவிட்டு நேரே எதிர்ப்பக்கம் காசிம் நானாவின் — முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம் — துணிக்கடைக்குப் போவார்கள். அதே கடிதத்தை அவரும் படிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் நம்புவார்கள். ஆரம்பத்தில் எனக்குக் கோபமாக வரும். என்னைப் பார்த்தால் புளுகன் மாதிரியா இருக்கிறது? அப்புறம் யோசித்தேன். எழுத்துத் தெரியாதவர்கள் வேறு எப்படித்தான் சரிபார்ப்பது?

அன்றைக்கு வந்தவள் காமாட்சி. மேல் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். இடுப்பில் மூன்று வயதுப் பெண் பிள்ளை. புருஷன் பழனியாண்டி, நிலத்துப் பங்கு விஷயமாக மாசியில் ஊருக்குப் போனவன், இன்னும் திரும்பவில்லை.

"மொதலாளி, எங்க மச்சாண்டாரு போட்டிருக்காரு. கொஞ்சம் பாருங்க."

மச்சாண்டார் என்றால் புருஷனுடைய அண்ணன். சாவுக் கடிதம் என்றால் மூலையில் கறுப்பு மை தடவி அனுப்புவார்கள். இதில் மை இல்லை. அதனால் நானும் சாதாரணமாகத்தான் பிரித்தேன்.

நாலு பக்கம். முதல் பக்கத்திலேயே பழனியாண்டி செத்துப்போயிருந்தான். வாந்தி பேதி. ஒரே நாளில் முடிந்துவிட்டதாம். காரியமும் நடந்துவிட்டது. ஊரில் பேதி இன்னும் நிற்கவில்லை, தெருவுக்கு இரண்டு வீடு பூட்டிக் கிடக்கிறது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீ இங்கே வந்துவிடாதே என்று கடைசிப் பக்கம் வரை திரும்பத் திரும்ப எழுதியிருந்தார்.

நான் நிமிர்ந்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை மிட்டாய்ப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நீங்களாயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சாவை நாம் என்றைக்காவது நேராகச் சொல்லியிருக்கிறோமா? "உடம்பு சுகமில்லை" என்றுதானே ஆரம்பிப்போம்? என் நாக்கும் அந்தப் பழகின தடத்திலேயே போயிற்று.

"பழனியாண்டிக்கு உடம்பு கொஞ்சம் சொகமில்லையாம். மத்தபடி எல்லாரையும் விசாரிச்சிருக்காரு."

"வரவேண்டாம்" என்பதை எப்படிச் சொல்வது? சுகமில்லாத புருஷனைப் பார்க்க வராதே என்று எந்த அண்ணன் எழுதுவான்? சொன்னால் குட்டு உடைந்துவிடும். அதையும் விழுங்கினேன். கடிதத்தை மடித்துக் கொடுத்தேன்.

எதிர்க்கடைக்குப் போனாள். பருப்புக் கேட்டவருக்குச் சீனியை நிறுத்தேன். நானா விஷயத்தை உடைத்துவிட்டால் நடுபஜாரில் இவள் விழுந்து புரளுவாள்... அதற்கப்புறம் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அவள் விழவில்லை. நிதானமாகத் திரும்பி வந்தாள்.

"நானாவும் அதேதாங்க சொன்னாரு. சொகமில்லையாம். செவ்வாக்கெழமை ரயிலுக்குக் கெளம்பலாம்னு இருக்கேன். புள்ளையையும் தூக்கிட்டுப் போயி அவர ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துர்றேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் கடையைப் போட்டது போட்டபடி எதிரே ஓடினேன்.

"நானா, என்ன படிச்சீங்க?"

காசிம் நானா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "மௌத்தான செய்திய அந்தப் புள்ள மூஞ்சியப் பார்த்து எப்படித் தம்பி சொல்றது? சொகமில்லன்னு சொன்னேன்."

"வரவேண்டாம்னு இருந்துச்சே?"

"அதை நீங்க சொல்லியிருப்பீங்கன்னு..."

அவர் துணியைக் கீழே வைத்தார். இரண்டு நல்லவர்கள் கலந்து பேசாமலே ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறோம். அவளுடைய கணக்குப்படி அது இப்போது உண்மை. அந்த உண்மையை நம்பி, பேதி பிடித்த ஊருக்குப் பிள்ளையோடு கிளம்புகிறாள்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டாமா? வேண்டும். மழை என்றேன். நானா, தோட்டத்துக்குள் வெளியாள் நுழைந்தால் தோட்டத்தை நடத்தும் துரை அத்துமீறல் கேஸ் போடுவார் என்றார். இரண்டும் நிஜம்தான். ஆனால் நாங்கள் பயந்தது மழைக்குமல்ல, துரைக்குமல்ல. அவள் முகத்துக்கு.

திங்கட்கிழமை காலையில் எங்கள் பக்கத்துச் சின்ன ரயில் கூவிற்று. நாளைக்கு இதே வண்டியில் அவள். நானுஓயாவில் பெரிய ரயிலுக்கு மாறினால் தலைமன்னார், அங்கே கப்பல், அப்புறம் முசிறி. அந்தப் பிள்ளை அங்கே தண்ணீர் கேட்கும். ஏதாவது ஒரு குடத்திலிருந்து மொண்டு கொடுப்பார்கள். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. வேலை விடுகிற நேரத்துக்குக் கடையைப் பூட்டிவிட்டு மலை ஏறினேன்.

மூன்று மைல். பனிமூட்டத்தில் முன்னால் நடப்பவரின் முதுகு தெரியவில்லை. போகும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டேன் — "காமாட்சி, ஒரு வரி விட்டுப்போச்சு..." ஒரு வரியா விட்டேன்? நாலு பக்கத்தில் மூன்றே முக்கால் பக்கம். ஒருவேளை திங்கட்கிழமையே கிளம்பிப் போயிருந்தால்? நடையை எட்டிப் போட்டேன்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் காமாட்சி. நெற்றியில் பொட்டு இல்லை. அழுது முடித்த முகம். பிள்ளை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. போகவில்லை... அந்த நிமிஷம் எனக்கு வந்த மூச்சு இருக்கிறதே, அப்படி ஒரு மூச்சை நான் விட்டதே இல்லை.

"உக்காருங்க மொதலாளி."

"யாரு சொன்னாங்க?"

"கணக்கப்புள்ள."

நம்ப முடியவில்லை. கொழுந்து நிறுவையில் குறைக்கிறான் என்று, காலையில் பேர் பதிகிற பெரட்டுக்களத்தில் அத்தனை பேர் முன்னாலும் இவள் அந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையை நாறடித்தவள். அன்றிலிருந்து இருவருக்கும் ஜென்மப் பகை.

"அவன்கிட்டயா போன?"

"நாலு பக்கக் கடுதாசிங்க. நீங்க ரெண்டு பேரும் வெத்தல மெல்லுற நேரத்துக்குள்ள படிச்சு முடிச்சீங்க. எனக்கு எழுத்துத் தெரியாதுங்க, ஆனா பக்கம் தெரியும். வேண்டியவங்க ரெண்டு பேரும் விட்டத வேண்டாதவருதான் படிப்பாருன்னு அங்க போனேன்."

"படிச்சாரா?"

"ஒரு எடத்துலயும் நிக்காமப் படிச்சாரு. முடிச்சுட்டு, 'ஊருக்குப் போகாத'ன்னாரு. அவ்வளவுதான்."

அரைகுறைக்கு எதிர்ப்பதம் என்ன? முழுமை. ஓரவஞ்சனைக்கு? நடுநிலை. பள்ளிக்கூடத்தில் சரியாக எழுதி வாத்தியாரிடம் சபாஷ் வாங்கியவன் நான். பிரியம்கூட ஓரவஞ்சனைதான், அது அரைகுறையாகத்தான் படிக்கும் என்று அந்த வாத்தியார் சொல்லித்தரவில்லை. சொல்லியிருந்தாலும் எனக்கு ஏறியிருக்குமா என்பது வேறு விஷயம்.

இந்த ஞாயிறு காமாட்சி கடைக்கு வந்தாள். கருவாடும் தீப்பெட்டியும் வாங்கினாள். மடியில் ஒரு கவர் எட்டிப் பார்த்தது. நானே வலியக் கேட்டேன்.

"கடுதாசியா? குடு, ஒரு எழுத்து விடாமப் படிக்கிறேன்."

அவள் கவரை உள்ளே தள்ளிக்கொண்டாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"கணக்கப்புள்ளயே படிக்கட்டுங்க. உங்களுக்கு நல்ல மனசு."

அந்த வார்த்தையைக் கேட்டு நான் தலைகுனிந்தது என் ஆயுசில் அன்றைக்குத்தான்.