ஏரிக்கரையில் அம்மி

கேம்பிங் போகலாம் என்று மகள் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு முதுகுவலி வந்துவிடும். ஏரி, காடு, கூடாரம் என்று போனில் படம் படமாகக் காட்டுவாள். உண்மையில் வருவது முதுகுவலி இல்லை, வெட்கம். அப்படி ஏரிக்கரையில் கூடாரம் போட்டு நான் ஏற்கெனவே இருந்திருக்கிறேன்.

அப்போது ஆறாம் வகுப்பு படித்தேன். தை அறுவடையில் அப்பா கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு, மற்றவர்களோடு சேர்ந்து அரிவாளைக் கீழே வைத்தார். எங்கள் குடிசை இருந்தது பண்ணையாருடைய மனையில். குடியிருப்பவனுக்கே மனை என்று சட்டம் வந்துவிட்டதாக மேடையில் முழங்கினார்கள். அந்த முழக்கம் எங்கள் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் பண்ணையாருடைய ஆட்கள் வந்து கூரையைப் பிரித்துவிட்டார்கள். அப்பா சங்கத்துக்காரர்களோடு மனு கொடுக்கத் தஞ்சாவூர் போனார். அம்மா என்னையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக் காட்டுக்கு வந்தாள். சட்டிபானை எங்கள் தலையில், அம்மி அவள் தலையில். அதை விட்டுவர அவளுக்கு மனசில்லை. அம்மி என்றால் அவளுக்கு லட்சுமி. ஒருமுறை அதன்மேல் உட்கார்ந்த தங்கை முதுகில் நன்றாக வாங்கியிருக்கிறாள்.

கருவேல மரங்களுக்கு நடுவே சாக்குகளைத் தைத்துக் கூடாரம் போட்டோம். சொன்னால் என்ன, எனக்குக் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடம் இல்லை, சாணி அள்ளும் வேலை இல்லை. கண் விழித்தால் ஏரி முழுக்க நாரைகள். அம்மா கெண்டை பிடித்து வைத்த குழம்பை வீட்டில்கூட அவ்வளவு ருசியாகச் சாப்பிட்டதில்லை.

ஒரு நாள் காலை கரையில் விசில் சத்தம். பறவை பார்க்க என் வகுப்பே வரிசையாக வந்துகொண்டிருந்தது. முன்னால் டீச்சர். எனக்கு உயிரே போய்விட்டது. பரட்டைத் தலையோடு மரத்தின் பின்னால் ஒளிந்தேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏய், இங்க என்ன பண்ற? இதுவா உங்க வீடு?"

மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"வீடு இல்ல கண்ணு. புள்ளைங்க ஆசப்பட்டுச்சுங்க, நாலு நாளு இருந்துட்டுப் போவலாம்னு வந்தோம். வாங்க டீச்சர்" என்றாள். சொல்லிக்கொண்டே அம்மியின் மேல் உட்கார்ந்து புடவையை இரண்டு பக்கமும் இழுத்து விட்டுக்கொண்டாள். சுற்றுலா வருகிறவர்கள் அம்மியைத் தூக்கிக்கொண்டா வருவார்கள்?

டீச்சர் கூடாரத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "நல்லாருங்கம்மா" என்று பிள்ளைகளைச் சீக்கிரம் கிளப்பிக்கொண்டு போனார். என் தோழி மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

வெட்கப்பட வேண்டியவர் கூரையைப் பிரிக்கச் சொன்னவர்தான். இதைப் பிற்பாடு கூட்டங்களில் மைக் பிடித்தே பேசியிருக்கிறேன். ஆனாலும் அந்தக் காலையை நினைத்தால் இன்றும் எனக்குத்தான் உடம்பு கூசுகிறது.

அவர்கள் மறைந்ததும் அம்மா எழுந்தாள். புடவையின் பின்பக்கம் முழுக்க மிளகாய் விழுது. எப்படி எரிந்திருக்கும்! அவள் அதைக் கவனிக்கவில்லை. முதலில் அம்மியைக் கழுவி, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகுதான் ஏரியில் இறங்கினாள்.

"அம்மிய யாரும் பாக்கலல்ல?" என்று தண்ணீரில் நின்றபடி கேட்டாள்.

"பாக்கலம்மா" என்றேன்.

அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால், எல்லோரும் பார்க்கும்படி, குழவி கிடந்தது.