ஓடுபாதை தெரியாத காலை

பம்பாய் குர்லாவில் எங்கள் லேத் பட்டறைக்கு மேலேதான் விமானங்கள் இறங்கப் போகும். சக்கரம் தெரிகிற அளவுக்குத் தாழ்வாக வரும். ஜூன் பிறந்துவிட்டால் தண்டவாளம் முழுகி லோக்கல் ரயில் நின்றுபோகும், ஆனால் தலைக்கு மேல் அந்தச் சத்தம் லேசில் நிற்காது. இதைப் பார்த்துப் பார்த்து இரண்டு விஷயம் எனக்குள் ஊறிப்போயிருந்தது. மழை விமானத்தை ஒன்றும் செய்யாது. செப்டம்பரோடு மழை முடிந்துவிடும். தாராவியில் பிறந்து வளர்ந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்?

தங்கையை ஸ்ரீவைகுண்டம் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் மகளுக்கு ஐப்பசியில் காதுகுத்து வைத்தார்கள். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தங்கைக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருத்தன்தான்.

"முகூர்த்தம் பதினொன்றரைக்குள்ளண்ணே. ரெண்டு நாள் முன்னாடியே ரயிலேறிரு. இங்க மழக்காலம்லா" என்றாள் போனில்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏட்டி, மழயெல்லாம் முடிஞ்சு எத்தன நாளாச்சு. காலைல ஃப்ளைட்டு, ஒம்பதரைக்குத் தூத்துக்குடி. சும்மா டென்ஷன் எடுக்காத."

பம்பாய்க்காரன் என்ற பவிசு, வேறென்ன.

சென்னையில் மாறி ஏறிய விமானம் சின்னது, இறக்கையில் விசிறி சுற்றுகிற ரகம். தூத்துக்குடியை நெருங்கியதும் ஜன்னல் முழுக்க வெள்ளையாகிவிட்டது. விமானம் இறங்கியது, இன்னும் இறங்கியது, திடீரென்று மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறியது. ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடியும் அதையே செய்தது. மழை பெய்கிற மாதிரியே தெரியவில்லை.

பக்கத்து இருக்கைக்காரர் தூத்துக்குடி ஆள், இந்த வழியாக அடிக்கடி போய்வருகிறவர். "மழயே இல்லயே, ஏன் எறங்க மாட்டேங்கான்?" என்று அவரிடம் கேட்டேன்.

"மழன்னாக்கூட எறங்கிருவான் சார். மேகம் தாழ நிக்கி. ரன்வே கண்ணுக்குத் தெரியணும்லா."

புரிந்தவன் மாதிரித் தலையாட்டினேன். புரியவில்லை.

மதுரையில் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே சுள்ளென்று வெயில். மணி பத்தேகால். தங்கையைக் கூப்பிட்டேன்.

"மதுரைக்கு ஏண்ணே போன?"

"தூத்துக்குடில மேகமாம்."

"இங்க நல்லா வெயிலடிக்கே."

அங்கேயும் வெயில், இங்கேயும் வெயில், நடுவில் அந்த ஓடுபாதையை மட்டும் மேகம் மூடியிருக்கிறது என்றால் யாரை நம்புவது? காரில் போகிறவர்கள் இறங்கிக்கொள்ளலாம் என்றார்கள். கார் எப்படியும் ஒரு மணிக்கு மேல்தான் போய்ச் சேரும். மேகம் விலகினால் விமானம் அரைமணி நேரத்தில் போய்விடும். எப்போது விலகும் என்று கேட்டதற்கு ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. நான் பெல்ட்டைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக உட்கார்ந்தே இருந்தேன்.

பதினொன்று இருபதுக்குத் தங்கை கூப்பிட்டாள். "ஆசாரி உக்காந்திருக்காரு. நேரம் போகுதுங்காங்க. நம்ம சித்தப்பா மவன் மடில வச்சுக் குத்தட்டாண்ணே?"

"குத்து" என்றேன். போனை வைத்தபிறகு அழுதேன். அவமானமாக இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் நல்லவர், தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

ஒரு மணிக்குக் கிளம்பினோம். தூத்துக்குடியில் இறங்கும்போது நல்ல மழை. ஜன்னலில் தண்ணீர் வழிந்தது, கீழே ஓடுபாதை நனைந்து கறுப்பாகத் தெளிவாகத் தெரிந்தது. மழை இல்லாதபோது இறங்க முடியவில்லை, மழை கொட்டும்போது இறங்கிவிட்டோம். மேகம் மேலே ஏறிவிட்டது என்று அவர் விளக்கம் சொன்னார். இன்றைக்கு வரைக்கும் அது எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. தங்கை சொன்ன மழைக்காலம் மட்டும் அப்போது புரிந்தது.

வீட்டுக்குப் போனபோது மூன்று மணி. பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆசாரி இன்னும் போகவில்லை, ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். தங்கை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வலது காதில் பொட்டுத் தங்கம் மின்னியது. இடது காது வெறுமனே இருந்தது.

"ஒரு காதுதாண்ணே குத்திருக்கு. இது ஒனக்குன்னு நிப்பாட்டி வச்சிருக்கேன்."

அவள் மாமியார் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை. "முகூர்த்தம் போயிட்டே" என்றேன்.

"போனாப் போட்டும். நீ வந்துட்டல்லா. உக்காரு."

மனையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினேன். காலையில் பிள்ளை ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தாளாம். இப்போது என் மடியைப் பார்த்தாள். ஆசாரியைப் பார்த்தாள். பிறகு அந்த இடது காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.