கை நீட்டாத பெரியம்மா

தங்கைக்கு ஆண் குழந்தை. தாயில்லாத அந்தத் தங்கையை இடுப்பில் சுமந்தே வளர்த்தவள், இன்று தொட்டிலருகே வந்தும் பிள்ளையைத் தொடவில்லை. முழுக்கைச் சட்டைக்குள் இரண்டு கைகளையும் ஒளித்து, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தூக்குக்கா, உன் பிள்ளைதானே!"

"சளி பிடிச்சிருக்குடி. அப்புறம் பாத்துக்கலாம்."

சளியா? அந்தச் சட்டைக்குள் படர்தாமரை வட்டம் வட்டமாகப் பரவிக் கிடந்தது. பெற்ற பாசத்துக்குக் குறையாத பாசம் நெஞ்சில் முட்டியது. ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம் அதைத் தடுத்தது.

சலவைக்கூடத்தில் அவளுக்கு நீராவி அக்கா என்று பெயர். நீராவி இஸ்திரிப் பெட்டி போடுவதாலா, தொட்டதற்கெல்லாம் சீறுவதாலா என்று கேட்டால், ரெண்டும்தான் என்பார்கள். விடுதிகளின் விரிப்பில் துளி ஈரமிருந்தாலும் மடிக்க விடமாட்டாள். தன் சீருடையை மட்டும் அரை ஈரத்தோடு மாட்டிக்கொள்வாள்: "பெட்டிச் சூட்டுல தானா காஞ்சிடும்." அங்கே எல்லோரும் அப்படித்தான். கை துடைக்க ஆணியில் ஒரே துண்டு. அரிப்புக்கு, சோப்புத்தூள் டப்பா பக்கத்தில் ஒரே டியூப். யார் வேண்டுமானாலும் பிதுக்கலாம். பூசினால் உடனே சிவப்பு அடங்கும். விட்டால், போன விருந்தாளி சுற்றம் சூழத் திரும்பி வருவான்!

சொறிந்த இடத்தில் சீழ் கட்டியதும் தோல் டாக்டரம்மாவிடம் ஓடினாள்.

"இந்த டியூப்ப யாரு எழுதிக் குடுத்தா?"

"யாருமில்ல டாக்டர். பொது டியூப். எல்லாரும் பூசுவோம்."

"பல்லு தேய்க்கிற பிரஷ்ஷும் பொதுதானா?"

வேறு நாளாக இருந்தால் சீறியிருப்பாள். அன்று அழுகைதான் பொங்கியது. "ஒரு பிள்ளையத் தூக்கணும் டாக்டர். அது போதும் எனக்கு."

டாக்டரம்மாவின் குரல் தணிந்தது. "இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும்மா. மேல அரிப்ப அமுக்கும், அடியில பூஞ்சை பரவும். நிறுத்துங்க. மொதல்ல செவப்பு கூடலாம், பயந்து மறுபடி அதத் தொடாதீங்க, எங்கிட்ட வாங்க. சீழுக்கு இந்தக் களிம்பு, படைக்கு அந்தக் கிரீம். ஒண்ணோட வேலைய இன்னொண்ணு செய்யாது. கழுவி, நல்லா ஈரம் போனதும் மெல்லிசாப் பூசுங்க, வட்டத்துக்கு வெளியயும் கொஞ்சம். பூசின கையக் கழுவிடுங்க. மறைஞ்சிடுச்சேன்னு நீங்களா விட்டுடாதீங்க. துண்டு தனியா இருக்கட்டும், துணி நல்லாக் காஞ்சிருக்கட்டும்."

சொன்னபடியே சிவப்பு மூண்டது. எரிச்சலில் உயிர் போனது. சலவைக்கூடத்தில் பக்கத்து இஸ்திரிப் பெட்டிக்காரர் பழைய டியூப்பை நீட்டினார். "வீம்பு பண்ணாத நீராவி. ஒரு பொட்டு வை, நாளைக்கே பிள்ளையத் தூக்கலாம்."

நாளைக்கே! அந்த ஒரு சொல்லில் மனம் ஊசலாடியது. விரல் மூடியைத் திருகிவிட்டது. மறுகணம் அதை மூடிக் கையோடு எடுத்துக்கொண்டு, நேரே டாக்டரம்மாவிடம் போனாள். அவர் பார்த்துவிட்டு, அரிப்புக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார். அங்கிருந்து தங்கை வீட்டுக்குப் போய், சட்டைக்கையை மடக்கிக் காட்டினாள்.

தங்கை விக்கி விக்கி அழுதாள். "பாவி அக்கா! என் பிள்ளைய உனக்குப் பிடிக்கலையோன்னு நான் தினமும் செத்தேன். இதுக்கா ஒளிஞ்ச?"

"அசிங்கமா இருந்துச்சுடி."

"எனக்கு மூக்கு ஒழுகறப்ப உன் முந்தானையிலதானே தொடைச்சே? அப்ப யாருக்கு அசிங்கம்?"

அழுகைக்கு நடுவே இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வட்டங்கள் மங்கி மறைந்தன. தங்கை அவசரப்படுத்தினாள், அக்கா அசையவில்லை. டாக்டரம்மா சொன்ன நாள்வரை பூசினாள். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இனி தூக்கலாம்மா," என்று அவர் சிரித்த அன்று, பேருந்துக்குக்கூடக் காத்திருக்காமல் தங்கை வீட்டுக்கு நடந்தே வந்தாள்.

பிள்ளை அவள் கைமடிப்பில் வெதுவெதுப்பாகப் படுத்துக்கொண்டது. வெகுநேரம் கழித்துத் தங்கை, "குடுக்கா, கை வலிக்கும்," என்றாள்.

"நீ போய்த் தூங்குடி. பசிச்சா அவனே கூப்பிடுவான்."