ஸ்பிரிங் கூடையும் பாயிலர் கூடையும்

நனைந்த இறகும் எச்சமும் கோழிப்பேனுக்குத் தடவும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாடை உண்டு. ராயபுரத்தில் எங்கள் வீட்டுத் துணிமணி, தலைமயிர், பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போன சோறு எல்லாவற்றிலும் அதுதான் வீசும். யுத்தம் முடிந்து துறைமுகத்துக்குக் கப்பல்கள் ஓயாமல் வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்கள் நைனா கப்பல்களுக்கு உயிர்க்கோழி கொடுக்கும் வியாபாரம் செய்தார். பொன்னேரிப் பக்கத்திலிருந்து கோழிகள் வந்து எங்கள் கொல்லையில் இறங்கும். பிரித்துக் கூடை கட்டினால் கைவண்டியில் துறைமுகம் போகும். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பெண் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

நைனாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் பறவைகளைச் சுற்றியதுதான். கப்பல் சமையலறைக்குச் சாமான் எடுக்க வரும் பட்லர்களிடம் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டது. எலும்பு இறுகாத இளங்கோழி ‘ஸ்பிரிங்’. அது துரைமார் மேசைக்கு. கொஞ்சம் முற்றியது ‘ரோஸ்ட்டு’. முட்டையிட்டு ஓய்ந்த கிழட்டுக் கோழி ‘பாயிலர்’, கப்பல் கூலியாட்களின் அண்டாவில் மணிக்கணக்கில் வேகவேண்டியது. நொண்டிக்கும் ஒற்றைக்கண்ணுக்கும் சீக்கு வந்ததற்கும் இங்கிலீஷில் பேர் கிடையாது. அவை எங்கள் வீட்டுக் குழம்புக்கு. கோழி வியாபாரி வீட்டில் பிறந்தும் நல்ல கோழியின் ருசி என்னவென்று தெரியாமல்தான் நாங்கள் வளர்ந்தோம்.

பிரிக்கிற வேலை என் அக்காவுடையது. கோழியை மடியில் மல்லாத்தி, நெஞ்செலும்பின் கீழ்நுனியைக் கட்டைவிரலால் அழுத்துவாள். காதுமடல்போல வளைந்து கொடுத்தால் ஸ்பிரிங், அசையாவிட்டால் பாயிலர். அம்மாவுக்கு ஆஸ்துமா. அதனால் சமையலும் அக்கா, கொல்லையும் அக்கா. மூன்றாம் வகுப்போடு அவளை நிறுத்திவிட்டார்கள்.

பட்லர்களிடமிருந்து நைனா இன்னும் சில வார்த்தைகளையும் கொண்டுவந்தார். பயந்தாங்கொள்ளி ‘சிக்கன்’. உள்ளே போய் வந்தவன் ‘ஜெயில் பேர்டு’. மக்கு ‘கூஸு’. எதிர்வீட்டுப் பருமனான மனிதருக்கு ‘டர்க்கி’ என்று பேர் வைத்தார். அந்த மனிதரே சிரித்தார், தெருவே சிரித்தது. எங்கள் சந்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கள்கூட இந்த இங்கிலீஷை வாய் நிறையப் பேசினார்கள். அக்காவுக்கு இருபது தாண்டி, வந்த இரண்டு வரன்களும் தட்டிப்போனபின் ஒருநாள் நைனா கூடை கட்டிக்கொண்டே, “நம்ம வூட்டுலயும் ஒண்ணு பாயிலர் ஆயிக்கினு கீது” என்றார். கைவண்டிக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். அவ்வளவுதான், மறுவாரமே குழாயடியில் அக்காவுக்கு அது பேராகிவிட்டது. நைனா அதைத் தடுக்கவில்லை. வைத்தவரே அவர், எப்படித் தடுப்பார்?

இந்தப் பேர் எட்டாத தூரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. காத்திவாக்கத்துப் பிள்ளை, எண்ணூர்ப் பக்கம் பட்டறையில் பிட்டர் வேலை. தாயும் மகனும் பெண் பார்த்துப் போனபின் பிடித்திருக்கிறது என்று சொல்லியனுப்பினார்கள். இனிக் கை நனைக்க வேண்டியதுதான் பாக்கி. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை பெண்வீட்டில் சாப்பிடமாட்டார்கள்; வந்து உட்கார்ந்து இலையில் கை வைத்துவிட்டால் பேச்சு முடிந்ததாக அர்த்தம். அன்றைக்குக் கோழி அடித்தாக வேண்டும். அக்கா அந்த வாரம் முழுவதும் கொல்லையில் வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டே திரிந்தாள். அவள் பாடி நான் கேட்டது அப்போதுதான்.

“பாயிலர் ஒண்ண புடிச்சி அடிச்சிரு. ஸ்பிரிங் கப்பலுக்கு எடுத்து வெச்சிகீறன், அதுல கைய வெக்காத” என்று நைனா முதல்நாளே சொல்லிவிட்டார். அக்கா காலையில் நேராக ஸ்பிரிங் கூடைக்குள் கையை விட்டு, அழுத்திப் பார்த்து, இருப்பதிலேயே நல்லதாக இரண்டை எடுத்தாள். அம்மா பார்த்தாள். “எட்த்துக்கோடி, உன் கல்யாணம்” என்று மட்டும் சொல்லி, மிளகாய் அரைக்க உட்கார்ந்தாள்.

இலை போட்டாயிற்று. பிள்ளையின் தாய் முதல் வாய் வைத்துவிட்டு, “பொண்ணு கைப்பக்குவமா? பஞ்சா கீது” என்றாள். கதவுக்குப் பின்னால் அக்கா என் கையைப் பிடித்து நசுக்கினாள். அப்போதுதான் நைனா ஒரு துண்டைக் கடித்தார். காலமெல்லாம் கோழியோடு கிடந்த மனிதர். பல் பட்டதும் தெரிந்துவிட்டது. “அடியே, ஸ்பிரிங்கயா அட்ச்ச?” என்று உள்ளே பார்த்துக் கத்தினார். பிறகு விருந்தாளிகள் நினைவு வந்து, அதை வேடிக்கையாக்கப் பார்த்தார். “பாத்தீங்களா, பாயிலருக்குக் கல்யாணம்னா ஸ்பிரிங்கா கேக்குது!”

அந்த அம்மாள் நிமிர்ந்தாள். “பாயிலருன்னா இன்னாங்க?”

சும்மா இருந்திருக்கலாம். ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். ஆனால் இங்கிலீஷ் வார்த்தைக்கு யாராவது அர்த்தம் கேட்டால் நைனாவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். “முட்ட வெக்கிறது நின்னு போன கெயட்டுக் கோயிங்க. நம்ம பெரிய பொண்ண வெளாட்டுக்கு அப்பிடித்தான் கூப்புடறது, தெருவுல அல்லாரும்.” சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார், பாவி மனுஷன்.

அந்த அம்மாள் இலையை மூடினாள். “பெத்த தகப்பனே கயிச்சி அந்தக் கூடையில போட்டு வெச்சிட்டாரு. நாங்க இன்னாத்துக்கு அத்த எட்த்துகினு போவணும்?” எழுந்து கை கழுவினாள். பிள்ளை கதவுப்பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு அவனும் எழுந்தான். நனைத்த கையை உதறிவிட்டுப் போனவர்கள் பின்னால் நைனா, “வெளாட்டுக்குச் சொன்னங்க, வெளாட்டுக்கு” என்று தெருமுனைவரை ஓடினார். டர்க்கி வீட்டுத் திண்ணையில் நின்று எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள்.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் இலைகளை எடுத்துப் போட்டாள், தரையை மெழுகினாள். பிறகு கோழிச் சட்டியை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினாள். என்னையும் கூப்பிட்டு ஒரு துண்டு கொடுத்தாள். நல்ல கோழி நான் தின்றது அதுதான் முதல்தடவை. அது அவ்வளவு ருசியாக இருந்தது என்று சொல்லும்போது இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. சட்டியில் எலும்பு மட்டும் மிஞ்சியது.

வேறு வரன் வரவில்லை. நைனா தேடவும் இல்லை. “நான் இன்னா தப்பா சொல்லிட்டேன்?” என்பதையே சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச காலத்தில் கப்பல்களே ஐஸில் வைத்த கோழியைக் கொண்டுவர ஆரம்பித்து வியாபாரம் படுத்தது. நான் கல்யாணமாகிப் போனேன். அக்கா அந்த வீட்டிலேயே இருந்து, அம்மாவையும் நைனாவையும் பார்த்து அனுப்பிவிட்டு, அங்கேயே போய்ச் சேர்ந்தாள்.

சென்ற மாதம், பல வருஷம் கழித்து, அந்த வீட்டுக்கு வரி கட்ட அந்தப் பக்கம் போனேன். கைவண்டிகள் இல்லை, கூடைகள் இல்லை. ஸ்பிரிங், ரோஸ்ட்டு எல்லாம் யாருக்கும் தெரியாத வார்த்தைகளாகிவிட்டன. கடைக் கோழிகள் எல்லாம் ஒரே வயது, பிரிக்க ஆளும் வேண்டாம். சந்து அடையாளம் தெரியாமல் முனையில் நின்ற ஆட்டோக்கார இளைஞனிடம் நைனா பேரைச் சொல்லி விசாரித்தேன். யோசித்துவிட்டு, “ஓ, பாயிலர் வூடா? நேரா போ ஆயா” என்றான். ஏன் அந்தப் பேர் என்று கேட்டேன். “தெர்லியே, அப்பிடித்தான் சொல்வாங்க.”

என் அக்காவின் பேர் செங்கமலம். அதைச் சொல்ல அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை.